பட்டறையும் கராஜும்: பழங்கார்களின் கேம் ஷாஃப்ட்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் பெருஞ்சாலையில், விராலிமலையைக் கடந்து கொடும்பாளூரை அடையும் பிரயாணி, பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூன்று கோயில்களில் இன்று எஞ்சி நிற்கும் இரண்டைக் காண்பதற்காகவே பெரும்பாலும் வண்டியை நிறுத்துகிறான். அக்கொடும்பாளூர் வேளிர் குலத்துச் சிறிய வேளான் சுந்தர சோழன் காலத்தில் ஈழப் போரில் மாண்டான் என்று சாசனம் கூறுவதால், இலங்கைக் காரியத்தையும் இந்தியக் காரியத்தையும் ஒப்பிட முற்படுபவனுக்கு இவ்வூர் பொருத்தமற்ற இடமன்று. ஆனால் இங்கே பேசப்போவது போரைப் பற்றியன்று, மோட்டாரைப் பற்றி. இந்தச் சமவெளியில் ஒரே சீராக ஓடும் அம்பாஸடருக்கும், 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு இரண்டாம் கியரில் முனகி ஏறும் மோரிஸ் மைனருக்கும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை மாற்றி வலுக்கூட்ட விரும்புகிறவர்கள் இரு தேசங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் செல்லும் வழிகள்தாம் வேறு.

இந்தியாவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு அம்பாஸடராகி 2014 வரை உத்தரபாராவில் உற்பத்தியாகிக்கொண்டே இருந்தது; பியட் 1100 பத்மினியாகிப் பம்பாயில் பல்லாண்டு வாழ்ந்தது. ஆகவே பழைய தண்டு தேய்ந்தால் புதியது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ, பழையது புதுப்பேட்டையிலோ அற்ப விலைக்குக் கிடைத்த காலத்தில், வேறுவிதத் தண்டு வேண்டும் என்ற எண்ணமே சாமானியனுக்கு உதிக்கவில்லை. உதித்தது பந்தயக்காரர்களுக்கு. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைக்குமுன், சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடத்திய போட்டிகளில் பியட்டும் ஹெரால்டும் சீறியபோது, இறக்குமதிக் கட்டுப்பாட்டின் இறுக்கத்தில் வெளிநாட்டுத் தண்டு வருவது துர்லபமாகையால், இருந்த தண்டையே சாணை பிடித்து, வால்வுகளை இயக்கும் அதன் முட்டுக்களின் வடிவை மாற்றும் வித்தை வளர்ந்தது. அது இன்றும் கோயம்புத்தூர், சென்னைப் பட்டறைகளில் இருக்கிறது.

அவ்வித்தையில் ஓர் ஆபத்து உண்டு. முட்டின் அடிவட்டத்தைக் குறைத்தே உயரத்தைக் கூட்ட வேண்டியிருப்பதால், மேலே உள்ள கடினமான தோல் சாணையில் போய்விடக்கூடும். அப்படிப் போனால், சில மாதங்களில் முட்டும் அதன்மேல் உரசும் டேப்பட்டும் ஒன்றையொன்று தின்று, இரும்புத் தூள் ஆயில் சம்பில் வண்டலாகப் படியும்.

இலங்கையில் கதை வேறு. அங்கே கார் உற்பத்தி வேரூன்றாததால், உதிரிபாகம் என்றாலே கப்பலில் வருவது என்பதுதான் பழக்கம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்காததைப் பிரிட்டிஷ் கேட்டலாக்கைப் பார்த்துத் தருவிப்பதில் அங்குள்ளவர்களுக்குக் கூச்சமில்லை. இதில் ஒரு விநோதம், 1991-இல் நிறுவப்பெற்ற டூரபிள் கார் கம்பெனி தென்னிலங்கையில் மோரிஸ் மைனரின் பாகங்களைச் செய்து அதே பிரிட்டனுக்கே அனுப்பியது. மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியும், கட்டுக்குருந்தை விமான ஓடுதளப் பந்தயமும் மினிக்காரர்களுக்கு அளித்த ருசி, கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்திலுள்ள மிகக் கொடூரமான தண்டையே நாடும்படி சிலரைத் தூண்டுகிறது. இது என் அபிப்பிராயத்தில் பெரும் பிசகு.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மைனரின் அசல் தண்டு இன்லெட் வால்வை மேல்மையத்திற்கு 5 டிகிரி முன் திறந்து, கீழ்மையத்திற்கு 45 டிகிரி பின் மூடுகிறது. ஆக 230 டிகிரி. இதை 265, 270 என நீட்டினால், மேல்வேகத்தில் மூச்சு தாராளமாகும். ஆனால் குறைந்த வேகத்தில், தாமதமாக மூடும் வால்வின் வழியே பாதி இழுத்த கலவை கார்புரேட்டருக்கே திரும்பிப் போகும். மலைப்பாதையில் கொண்டையூசி வளைவிலிருந்து எழ வேண்டிய வண்டிக்கு இது பெருந்துன்பம். இந்தியாவில், மட்டமான பெட்ரோலுக்காக அழுத்த விகிதம் குறைத்து வார்க்கப்பட்ட எஞ்சின்களில், ஹெட்டை மட்டம் கடையாமல் நீண்ட தண்டை மட்டும் போட்டால் நஷ்டம் இரட்டிப்பாகும். சமவெளிக்காரனும் மலைக்காரனும், வெவ்வேறு நியாயங்களால், மிதமான தண்டையே தேர வேண்டியவர்களாகிறார்கள்.

யாழ்ப்பாணத்தாரை இந்தச் சர்ச்சையில் சேர்க்க முடியாது. 1990-களின் பொருளாதாரத் தடையில், கார்புரேட்டரில் சிறிது பெட்ரோல் விட்டு உயிர்ப்பித்துப் பின்பு மண்ணெண்ணெயில் ஆஸ்டின் ஏ-40 ஓட்டியவர்களுக்கு, எஞ்சினின் தாழ்ந்த அழுத்தமே தெய்வாதீனமாயிற்று.

பொருத்துவதில் இரு நாட்டு மெக்கானிக்குகளும் ஒரே இடத்தில் அவசரப்படுகிறார்கள். ரேடியேட்டரையும் டைமிங் கவரையும் கழற்றி, டேப்பட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் பற்சக்கரத் தண்டை உருவிய பிறகே பழைய தண்டு வெளிவரும். அதுவரை நிதானமாகச் செய்தவர்கள், புதியதை ஏற்றியதும் இரண்டு சக்கரங்களின் புள்ளிகளை நேராக்கிச் செயினை மாட்டி, வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தண்டின் சாவிப்பள்ளத்தில் இரண்டு டிகிரி பிசகினால் கிராங்க் கணக்கில் அது நான்காகும். டிகிரி வட்டத்தைக் கிராங்கில் பூட்டி, டயல் கேஜை முதல் சிலிண்டரின் இன்லெட் புஷ்ராடு மேல் நிறுத்தி, முழுத் தூக்கு வரும் இடத்தை இருபுறமும் அளந்து நடுவைக் கண்டு, உடன் வந்த அட்டை 106 டிகிரி என்றால் அதே 106-க்கு ஆஃப்செட் சாவியால் இழுத்து வைப்பவரே வேலை தெரிந்தவர். சாணை பிடித்த தண்டுக்கு அட்டையே இராது. பட்டறைக்காரரிடம் எழுதி வாங்கவேண்டும்.

முதல் ஓட்டத்தில் ஐடிலிங்கில் விடலாகாது. துத்தநாகம் கலந்த எண்ணெயுடன் ஏறக்குறைய 2,000 சுற்றில் இருபது நிமிஷம் ஓட்டினால்தான் முட்டும் டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகும்.

2021-இன் இந்திய விதிகள், முதற்பதிவுக்கு 50 ஆண்டு கடந்து, எஞ்சினிலும் கணிசமான மாற்றமில்லாத வண்டியையே விண்டேஜ் என ஏற்கின்றன. அப்பதிவை உத்தேசிப்பவர் என்றேனும் அசல் நிலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஆதலால் கழற்றிய தண்டை எண்ணெய் தடவிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, எட்டு டேப்பட்டுகளையும் எந்த முட்டுக்கு எது என்று எண்ணிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வரிசை மாறினால் அவை பழைய தண்டுக்கும் உதவா.