ஒட்டு தெரியட்டும்: ஜெனரல் கிராண்ட் படமும் லெனின்கிராட் படங்களும்



பாடத்துக்குப் படம் தேடும்போது, பழைய காலத்து மனிதரை ஒரு நிலக்காட்சிக்குள் பொருத்திய படங்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். இங்கே அவற்றை ஒட்டுப்படம் என்று சொல்வோம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எதை வகுப்புக்குக் கொண்டு போகலாம், எதைக் கொண்டு போகக்கூடாது? இரண்டு எடுத்துக்காட்டுகளை வைத்துப் பார்ப்போம், வாங்க.

முதலாவது, 'சிட்டி பாயிண்டில் ஜெனரல் கிராண்ட்' என்ற படம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்திய யுலிசஸ் கிராண்ட் குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பெரிய முகாம், நிறைய ஆட்கள். வர்ஜீனியாவிலுள்ள சிட்டி பாயிண்டில் 1864இல் அவருடைய தலைமை முகாம் இருந்தது உண்மை. அதனால் படத்தைப் பார்த்ததும் நம்பிவிடுகிறோம்.

ஆனால் இந்தப் படத்தை லெவின் கார்பின் ஹாண்டி என்பவர் 1902ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கினார். கிராண்ட் இறந்ததோ 1885இல்! அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள இந்தப் படத்தை ஆராய்ந்தபோது, மூன்று வெவ்வேறு படங்கள் வெளிவந்தன. தலை, கோல்ட் ஹார்பரில் எடுத்த கிராண்டின் படத்திலிருந்து வந்தது. உடலும் குதிரையும் மெக்குக் என்ற வேறொரு தளபதியுடையவை. பின்னணி, ஃபிஷர்ஸ் ஹில் போரில் பிடிபட்ட தெற்குப் படைக் கைதிகள் இருந்த முகாம். கூர்ந்து பார்த்தால் தடயங்கள் படத்திலேயே இருக்கின்றன. தலை உடலோடு சரியாகப் பொருந்தவில்லை. சீருடை அன்றைய அவருடைய பதவிக்கு ஏற்றதாக இல்லை. குதிரையும் அவர் வழக்கமாக ஏறும் குதிரை இல்லை.

'தலையைத்தானே மாத்தினாங்க, இதுல என்ன பெரிய தப்பு?' என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. என் பார்வையில், தலையை மாற்றியதைவிடப் பெரிய குறை பின்னணியில் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் தோற்றுப் பிடிபட்ட எதிரிப் படையினர். படத்திலோ அவர்கள் வென்ற தளபதியின் சொந்த வீரர்களைப் போலத் தெரிகிறார்கள். ஒருவரைப் பெருமைப்படுத்துவதற்காகப் பலருடைய கதை அழிந்துபோனது. தலைவரின் படம் என்ற அளவில் இது வெற்றி. வரலாற்றுச் சான்றாக இது தோல்வி.

இரண்டாவது, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் புகைப்படக்காரர் செர்கேய் லாரென்கோவின் படங்கள். அந்த நகரத்தின் அன்றைய பெயர் லெனின்கிராட். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை, 872 நாள்கள் ஜெர்மன் படை அதை முற்றுகையிட்டது. பசியாலும் குளிராலும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். லாரென்கோவ் அந்தக் காலத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வார். அன்று கேமரா நின்ற அதே இடத்தைத் தேடிப் போய், அதே கோணத்தில் இன்றைய தெருவைப் படம் பிடிப்பார். பிறகு இரண்டையும் இணைப்பார். முற்றுகைக் காலத்து மக்கள் கறுப்பு வெள்ளையிலும், இன்றைய தெரு வண்ணத்திலும் இருக்கும்.

இங்கே ஒட்டு மறையவில்லை. எது அன்று, எது இன்று என்று வண்ணமே காட்டிக்கொடுக்கிறது. அதைவிட முக்கியம், அந்த மனிதர்கள் உண்மையிலேயே அந்த இடத்தில் நின்றவர்கள். அதனால் இவை பார்ப்பவரை ஏமாற்றவில்லை. தினமும் நடக்கும் தெருவில் என்ன நடந்தது என்று நினைவூட்டுகின்றன.

குறையே இல்லையா? இருக்கிறது. ஒரே உத்தி படத்துக்குப் படம் திரும்ப வருவதால், முதல் படம் தரும் அதிர்ச்சியைப் பத்தாவது படம் தருவதில்லை. இன்றைய வண்ணத் தெருவைப் பார்க்கும்போது 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சு' என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. இறந்தவர்களுக்கு அப்படி முடியவில்லையே.

இதெல்லாம் நமக்கு எதற்கு? ஹாண்டி மூன்று படங்களை இணைக்க நாள்கணக்கில் உழைத்திருக்கலாம். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒரு வரி தட்டினால் போதும், ராஜேந்திர சோழன் கெடா மலையடிவாரத்தில் வந்து நிற்பார். 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு பற்றிய பாடத்துக்கு அது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த முகம் செயலி கற்பனை செய்த முகம். அதைச் சொல்லாமல் காட்டினால், பிள்ளைகள் மனத்தில் அதுவே வரலாறாகப் பதிந்துவிடும்.

ஆகவே மாணவர்களே, ஒட்டுப்படம் பற்றிக் கருத்துரைக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. படத்தில் உள்ளவர் அந்த இடத்தில், அந்தக் காலத்தில் இருந்தவர்தானா?
2. ஒட்டு பார்ப்பவருக்குத் தெரிகிறதா, மறைக்கப்பட்டிருக்கிறதா?
3. இணைத்ததால் யாருடைய கதை வெளியே வந்தது, யாருடைய கதை மறைந்தது?

'படம் அழகாக உள்ளது' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கருத்துக்கும் படத்திலிருந்தே ஒரு சான்று காட்டுங்கள். மூன்றாம் கேள்விக்கு விடை எழுதினால், உங்கள் பதில் விளக்கமாக மட்டும் இல்லாமல் திறனாய்வாகவும் அமையும்.

ஆசிரியர்களே, கிராண்ட் படத்தை ஒதுக்க வேண்டாம். முதலில் விளக்கம் சொல்லாமல் காட்டுங்கள். தடயங்களைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அதன்பின் உண்மையைச் சொல்லுங்கள். நீங்களே ஒட்டுப்படம் செய்தால், 'இது இணைத்து உருவாக்கிய படம்' என்று அடியில் ஒரு வரி போடுங்க. அந்த ஒரு வரிக்கு அதிக நேரம் ஆகாது.