பூதமும் ஜின்னும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

அரபுக் கதைகளைத் தமிழாக்குவோர் 'ஜின்' என்பதற்குப் 'பூதம்' என்னும் சொல்லையே பெரிதும் ஆள்கின்றனர். 1967இல் வெளிவந்த 'பட்டணத்தில் பூதம்' திரைப்படமும் இவ்வாட்சிக்கு வலுச் சேர்த்தது எனலாம். இது பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

'ஜின்' என்பது மறைந்திருத்தலைக் குறிக்கும் அரபு வேரினின்று தோன்றியது. கருவிலுள்ள சிசுவைக் குறிக்கும் 'ஜனீன்', பித்தேறியவனைக் குறிக்கும் 'மஜ்னூன்' ஆகியனவும் அவ்வேரினவே. ஜின் என்பது இனப்பெயர். இஃப்ரீத் அதனுள் வலிமை மிக்கதொரு வகை. பாலைவழியில் உருமாறிப் பயணியரை ஏய்ப்பதாகச் சொல்லப்படும் 'கூல்' மற்றொன்று. திருக்குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அல்ஜின்' ஆகும். இறைமொழி கேட்டு நம்பிக்கை கொண்ட ஜின்களையும் நெறி பிறழ்ந்த ஜின்களையும் அது பிரித்துக் காட்டுகிறது. எனவே ஜின், மனிதனைப் போன்றே தன் செயலுக்கு விடைகூறக் கடமைப்பட்ட படைப்பு.

தமிழ்ப் பூதத்தின் இயல்பு வேறு. சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதம் தீமை செய்வோரைப் பற்றி உண்பது. அது தண்டனை வழங்குவது. ஜின்னோ தீர்ப்புக்கு உட்படுவது. 'பூதம்' என்று பெயர்க்கும்போது இவ்வேறுபாடு மறைந்து, பேருருவும் ஏவல் திறனுமே எஞ்சுகின்றன.

மும்பையின் டிராம்பே இச்சிக்கலை மேலும் தெளிவாக்கும். 1976இல் ஜனதா காலனி அகற்றப்பட்டபோது அங்கிருந்தோர் குடியமர்த்தப்பட்ட சீத்தா கேம்ப்பில் தமிழ் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். அவர்களைச் சூழ்ந்த இந்தியிலும் உருதுவிலும் 'பூத்' என்பது இறந்தோர் ஆவி, அதாவது தமிழில் பேய். 'ஜின்' அதனின் வேறு. 'பூத்', 'பூதம்' இரண்டும் ஒரே வடசொல்லின் வழிவந்தன எனினும் பொருளால் பிரிந்துவிட்டன. ஆங்குள்ள சிறுவன் தமிழ்க் கதையில் 'பூதம்' என்று படிக்குங்கால் அதனைப் பேயாகக் கொள்ள இடமுண்டு. தன் சமய மரபில் கேட்டறிந்த ஜின்னே அது என உணர வழியில்லை. அவன் அறிந்ததொன்றை அவன் தாய்மொழியே அயலாக்கிவிடுகிறது.

இதற்குத் தீர்வு தமிழிலேயே உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் 'சின்கள் ஈமான் கொண்ட படலம்' என ஒரு படலம் அமைந்துள்ளது. அரபுச் சொல் இங்கே தமிழொலிக்கு இணங்கி, 'கள்' விகுதியும் ஏற்று நிற்கிறது. அச்சொல்லின் இடத்தில் 'பூதங்கள்' என்று வைத்தால் படலத்தின் பொருளே திரிந்துவிடும்.

விளக்கினின்று எழும் கதைமாந்தர்க்குப் 'பூதம்' வழக்கூன்றிவிட்டமையின் அது நிலைக்கலாம். நம்பிக்கையும் பொறுப்பும் பேசப்படும் இடங்களில் 'ஜின்' என்பதே தக்கது. அகராதிகளும் இவ்விரண்டையும் ஒருபொருட் சொற்களாக்காது தனித்தனியே விளக்குதல் வேண்டும்.