பொதிகையும் போதலகமும்: பௌத்த யாத்திரையின் மரபுகள்

பௌத்த யாத்திரைக்கு ஆதாரம் மகாபரிநிப்பான சுத்தம். பரிநிர்வாணத்துக்கு முன் புத்தர் ஆனந்தரிடம், பற்றுள்ளோர் சென்று காணவேண்டியவை நான்கு இடங்கள் என்கிறார்: பிறந்த லும்பினி, போதி பெற்ற புத்தகயை, முதல் அறவுரை நிகழ்த்திய சாரநாத், மறையும் குசிநகரம். நீராடிப் பாவம் தொலைப்பது இங்கே நோக்கமன்று. கண்டு, நினைந்து, நெஞ்சு நெகிழ்வதே பயன். அவ்வழியில் தெளிந்த மனத்தோடு இறப்போர் சுவர்க்கம் அடைவர். அசோகர் முடிசூடிய 20-ஆம் ஆண்டில் லும்பினிக்கு வந்து தூண் நாட்டி, அவ்வூருக்கு வரியையும் குறைத்தார்.

வழிபாட்டுக்குரியவற்றைத் தேரவாதம் மூன்றாக வகுக்கிறது: எலும்பு முதலான உடல் தாதுக்கள், போதி மரமும் திருவோடும் போன்ற புத்தர் பயன்படுத்தியவை, அவரை நினைவூட்டும் உருவங்கள். மூன்றாவதற்கு மனத்தைத் தவிர வேறு பிடிப்பில்லை என்று காலிங்கபோதி ஜாதகம் கூறுகிறது. பிற்காலத்தில் பெருகியது அந்த மூன்றாவதுதான் என்பது வேறு கதை. இலங்கையில் அநுராதபுரத்துப் போதி, கண்டியின் தந்த தாது, சிவனொளிபாதமலை ஆகியவை தேரவாத யாத்திரையின் மையங்கள். மணிமேகலை போற்றும் மணிபல்லவத்துப் பீடிகையைப் பலர் நயினாதீவோடு இணைக்கின்றனர். சிங்கள பௌத்தர் அத்தீவை நாகதீபமாக வழிபடுகின்றனர்.

மகாயானத்தில் போதிசத்துவர்கள் உறையும் மலைகளும் தலங்களாயின. அவற்றுள் தலையாயது அவலோகிதேசுவரரின் போதலகம். 7-ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங், கேட்டறிந்த செய்தியாக, அதை மலயமலைக்குக் கிழக்கே வைக்கிறார்: ஏறுவதற்கரிய பாதை, உச்சியில் ஏரி, அதிலிருந்து மலையைச் சுற்றியோடும் ஆறு, அடிவாரத்தில் வேண்டுவோருக்கு அவலோகிதேசுவரர் ஈசுவரராகவோ நீறு பூசிய துறவியாகவோ காட்சி தருவதுண்டு. அம்மலை பொதிகையே என்பர் ஆய்வாளர் சிலர். அதன் சிகரமான அகத்தியர்கூடம் (1868 மீட்டர்) இன்று திருவனந்தபுரம் மாவட்ட எல்லையில் நிற்கிறது. அகத்தியர் அவலோகிதேசுவரரிடமே தமிழ் கேட்டார் என்று 11-ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் பாடுவது, இரு மரபும் ஒரே மலையில் சந்தித்ததற்கு வலுவான தடயம்.

மலையை விட்டுக் கடற்கரைக்கு வந்தால் ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்த விகாரை. விழிஞத்தோடு தொடர்புடைய ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் இவ்விகாரைக்கு நிலம் விட்டதைப் பாலியம் செப்பேடு பதிவு செய்கிறது. கடல் அரிப்பிலிருந்து ஓர் அரசன் அதைக் காத்ததை மூஷிகவம்ச காவியம் சொல்கிறது. 1015-இல் நேபாளத்தில் எழுதப்பட்ட பிரஜ்ஞாபாரமிதைச் சுவடியிலும், தென்னாட்டு மூலவாசத்து லோகநாதர் (அவலோகிதேசுவரர்) ஓவியமாக இடம்பெற்றிருக்கிறார். கேரளத் தலம் ஒன்றின் புகழ் இமயம் வரை சென்றதற்கு இதைவிட நல்ல சான்றில்லை. ஆனால் விகாரை நின்ற இடம் எது என்பதில் இன்றும் உடன்பாடில்லை.

தென்னாட்டில் பௌத்தம் தேய்ந்தபோது போதலகம் பெயர்ந்து சென்றது. சீனத்தில் கடல் நடுவே பூதுவோ தீவு அப்பெயரைப் பெற்றது. லாசாவில் ஐந்தாம் தலாய் லாமா 1645-இல் தொடங்கிய அரண்மனை போதாலா ஆயிற்று. ஜப்பானில் சிலர் புதரகு என்று தாம் அழைத்த போதலகத்தைத் தேடிப் படகேறிக் கடலில் மறைந்தனர். நினைவே அடிப்படை என்பதால், மலை வேறு நாட்டுக்குப் போனாலும் பயன் குறைவதில்லை. வஜ்ரயானம் நடையையே வழிபாடாக்கியது: திபெத்தியர் சிலர் கைலையை வலம் வருகையில் அடிக்கு அடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுவர்.

இன்று பொதிகையின் அகத்தியர்கூடத்துக்குப் போணக்காட்டிலிருந்து வனத்துறை அனுமதியுடன் ஏறுகிறார்கள். மகரவிளக்கை ஒட்டித் தொடங்கும் காலம் சிவராத்திரி வரை நீளும். மலையைத் தெய்வமாகப் போற்றும் காணி மக்களுக்கும் ஏறும் பக்தர்களுக்கும் உச்சியில் இருப்பவர் அகத்திய முனிவரே.