கவர்னர் என்னும் கதாபாத்திரம்

நாவல்களில் ஒருவகைப் பாத்திரம் உண்டு. பல அத்தியாயங்கள் வாய் திறக்காமலே உட்கார்ந்திருப்பார். கதை முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொல்வார். அப்புறம் கதையே வேறாகிவிடும். நம் அரசியல் சாசனத்தில் கவர்னர் அத்தகைய பாத்திரம். மந்திரிகளின் யோசனைப்படி நடப்பவர் என்றுதான் அவரை நமக்கு அறிமுகம் செய்கிறார்கள். மந்திரிகளைத் தேட வேண்டியதே அவர் பொறுப்பாகிற வேளையில் யாருடைய யோசனைப்படி நடப்பது?

1952-ம் வருஷம் சென்னை ராஜ்யத்தில் அந்த வேளை வந்தது. சிதம்பரம், கடலூர்ப் பக்கத்துக் குடியானவர்களின் ஓட்டும் அந்தக் கதையில் அகப்பட்டுக்கொண்டது. 375 பேர் கொண்ட சட்டசபையில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 இடங்கள். கடலூர் ராமசாமிப் படையாச்சியாரின் உழைப்பாளர் கட்சி, காங்கிரஸை எதிர்த்து நின்று 19 இடங்களைப் பிடித்தது. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. பிரகாசம் கம்யூனிஸ்டுகளையும் பிறரையும் சேர்த்துக்கொண்டு, தம் பக்கம் 166 பேர் என்றார். கவர்னர் ஸ்ரீபிரகாசா கூப்பிட்டதோ ராஜாஜியை.

கூப்பிட்டதை நான் குறை சொல்லவில்லை. தேர்தல் முடிந்த பிறகு கட்டிய கூட்டணியைவிடப் பெரிய கட்சியை முதலில் அழைப்பதில் நியாயம் உண்டு. ஜூலையில் சபையிலேயே 151-க்கு எதிராக 200 ஓட்டு வாங்கிக் காட்டிவிட்டார் ராஜாஜி.

எனக்கு உறுத்துவது மேல்சபை நியமனம்தான். ராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. இலக்கியம், விஞ்ஞானம், கலை, கூட்டுறவு, சமூக சேவை ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கென்று வைத்திருந்த நாற்காலி ஒன்றில் கவர்னர் அவரை உட்கார்த்தினார். ராஜாஜி எழுத்தாளர் இல்லை என்று யார் சொல்வார்கள்? அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-ல் சாகித்ய அகாடமி பரிசே பெற்றது. (எழுத்தாளனுக்கு ஒரு நாற்காலி கிடைத்ததே என்று நாம் சந்தோஷப்பட்டிருக்கலாம்!) ஆனால் அன்று தேவைப்பட்டது அவருடைய இலக்கியமா? சபையில் அங்கத்தினராக இல்லாதவர்கூட ஆறு மாதம் மந்திரியாக இருக்கலாம் என்று சாசனமே இடம் தருகிறது. அதற்குள் ஏதேனும் ஒரு தொகுதியில் போய் ஓட்டுக் கேட்டிருக்கலாம். வாசல் திறந்திருக்கும்போது கொல்லைப்புறமாக அழைத்துவந்த காரியத்தை, அழைக்கப்பட்டவரின் மேதையைச் சொல்லி எப்படி நியாயப்படுத்துவது? பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார்; வழக்கு நிற்கவில்லை.

பெரும்பான்மையை எண்ண வேண்டிய இடம் சட்டசபைதான், ராஜபவனம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு பொம்மை வழக்கில் சொன்னது 1994-ல். அதற்கு முன்பே, 1986-ல், மேல்சபையும் அந்த நாற்காலிகளும் போய்விட்டன. யாரை முதலில் கூப்பிடுவது என்பது மட்டும் கவர்னரிடமே இருக்கிறது.

மாணிக்கவேலு நாயக்கர் 1952-லேயே ராஜாஜியின் மந்திரியானார். படையாச்சியார் 1954-ல் காமராஜ் மந்திரிசபையில் சேர்ந்தார். காங்கிரஸ் வேண்டாமென்று அந்த 19 பேருக்கு ஓட்டுப் போட்டவர்களை ஒருவரும் மறுபடி கேட்கவில்லை.