கிரேக்கப் புராணங்களில் மாறாதது எது?

கிரேக்கர்களுக்கு வேதம் என்று ஒரு நூல் கிடையாது. தெய்வங்களைப் பற்றி இது சரி, இது பிழை என்று தீர்ப்புச் சொல்லும் குருபீடமும் இல்லை. பூசாரிகள் பலியையும் சடங்கையும் பார்த்துக்கொண்டார்கள். கதைகள் கவிஞர்களின் கையில் இருந்தன. தெய்வங்களுக்குப் பெயரும் உருவும் தொழிலும் வகுத்துத் தந்தவர்கள் ஹோமரும் ஹெசியோடும்தான் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதினார். அந்த இருவருக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. இலியட்டில் ஆஃப்ரோடைட்டி ஸீயஸுக்கும் டையோனிக்கும் பிறந்த மகள். ஹெசியோடின் தியோகனியிலோ கடல் நுரையிலிருந்து எழுந்தவள். கொல்லுத் தெய்வமான ஹெஃபைஸ்டஸின் மனைவி இலியட்டில் ஒருத்தி, ஒடிஸியில் வேறொருத்தி. இதைப் பார்த்து, ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவைத்த வரம்பற்ற கதைக் குவியல் இது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. என் எண்ணம் அதற்கு நேர்மாறானது. இந்த மரபுக்கு எழுதப்படாத, ஆனால் கண்டிப்பான அளவுகோல் ஒன்று இருந்தது: கதையின் மையச் செயல் மாறாது, அந்தச் செயலுக்குக் காரணம் என்ன, பழி யாரைச் சேரும் என்பதைக் கவிஞன் மாற்றலாம், மையத்தைத் தொட நேர்ந்தால் ஒரு சடங்கையோ பழம்பாடலையோ துணைக்கு வைத்துக்கொண்டுதான் தொடவேண்டும்.

ஓரெஸ்டீஸ் தன் தாயைக் கொன்ற கதையை ஏதென்ஸின் மூன்று பெருங்கவிஞர்களும் நாடகமாக்கினார்கள். மூன்றும் நம் கைக்குக் கிடைத்திருப்பது நல்வாய்ப்பு. கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் முந்நாடகத்தில் கொலை அப்பல்லோவின் ஆணை. பழிதேவதைகள் மகனைத் துரத்துகிறார்கள். ஏதென்ஸின் நீதிமன்றம் அவனை விடுவிக்கிறது. சோஃபோக்ளிஸ் ஓரெஸ்டீஸின் சகோதரி எலக்ட்ராவின் துயரத்தை நடுவில் நிறுத்தி, பழிதேவதைகளை மேடைக்கே கொண்டுவராமல் முடிக்கிறார். யூரிப்பிடிஸின் நாடகத்தில், இறுதியில் தோன்றும் தெய்வமே அப்பல்லோவின் ஆணை அறிவுடையதல்ல என்கிறது. நியாயம் மூன்று வகையாகப் போகிறது, ஆனால் மூவரிலும் தாய் மகன் கையால்தான் சாகிறாள். வழிவழி வந்த கதையைக் கலைக்கக்கூடாது, அதைத் திறம்படக் கையாள்வதே கவிஞனின் வேலை என்று சொல்லும்போது அரிஸ்டாட்டில் காட்டும் உதாரணமும் இதுதான். அதே கவிதையியலில் அவர், பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் முழுக்கப் புனைந்து அகத்தோன் எழுதிய நாடகத்தையும் தடையின்றி ஏற்கிறாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் புதுக்கதை எழுதும் உரிமை வேறு, பழங்கதையை உடைக்கும் உரிமை வேறு. அகத்தோனுக்கு அவர் கொடுத்தது முதலாவது.

இந்த வாதத்துக்குப் பெரிய சோதனை மெடேயா. கி.மு. 431இல் யூரிப்பிடிஸ் மேடையேற்றிய நாடகத்தில், கணவன் ஜேசன் கைவிட்டதற்குப் பழிவாங்க அவள் பெற்ற பிள்ளைகளைத் தானே வெட்டுகிறாள். கொரிந்து நகரத்தில் கதை இப்படி இல்லை. அங்கே பிள்ளைகளைக் கல்லெறிந்து கொன்றவர்கள் ஊர்மக்கள். அந்தப் பாவத்தால் ஊரின் பச்சிளங்குழந்தைகள் மடிந்தன. அசரீரி வாக்கின்படி ஆண்டுதோறும் பலி கொடுத்தார்கள், ஊர்ப் பிள்ளைகள் முடி களைந்து கறுப்பு உடுத்தினார்கள். ரோமானியர் கொரிந்தை அழித்த பிறகே அந்த வழக்கம் நின்றது என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயண எழுத்தாளர் பௌசானியஸ் பதிவுசெய்கிறார். பழியைத் தங்களிடமிருந்து தாயின் தலைக்கு மாற்றக் கொரிந்துக்காரர்கள் யூரிப்பிடிஸுக்கு ஐந்து தாலந்து கொடுத்தார்கள் என்ற வம்புகூடப் பழைய உரைக்குறிப்புகளில் இருக்கிறது. அப்படியானால் மையச் செயலே மாறிவிட்டதே? நாடகத்தின் முடிவைக் கவனியுங்கள். மெடேயா பிள்ளைகளின் உடல்களைத் தன் கையாலேயே ஹீராவின் கோயிலில் புதைப்பதாகவும், அந்தக் கொலைக்குக் கழுவாயாகக் கொரிந்தில் விழாவும் சடங்கும் ஏற்படுத்துவதாகவும் அறிவிக்கிறாள். ஊர் கைவிட முடியாத மூன்றையும், அதாவது பிள்ளைகளின் சாவு, ஹீராவின் கோயில், ஆண்டுச் சடங்கு ஆகியவற்றை, யூரிப்பிடிஸ் அப்படியே காப்பாற்றுகிறார். கொன்றவர் யார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இதைவிடத் துணிச்சலான மாற்றம் கிரேக்க நாடகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தத் துணிச்சலும் கோயில் வாசலில் வந்து கணக்குக் கொடுத்தது. ஹெலன் ட்ராய்க்குப் போகவேயில்லை, போனது அவளது மாயவுருதான் என்ற கவிஞர் ஸ்டெசிகோரஸின் கதைக்கும் இது பொருந்தும். ஹெலனைக் காப்பாற்ற நினைத்தவருக்கும் ட்ராய்ப் போரை நீக்க முடியவில்லை. அதனால்தான் மாயவுரு தேவைப்பட்டது.

கவிஞர்களுக்கு வெளியே எழுந்த பள்ளிகள் வேறு அளவுகோல்களைக் கொண்டுவந்தன. திருட்டும் பிறன்மனை நாட்டமும் ஏமாற்றும் தெய்வங்களுக்கு அடுக்காது என்று செனோஃபனீஸ் கண்டித்தார்; பிளேட்டோ அந்தக் கண்டனத்தைச் சட்டமாக்கப் பார்த்தார். யூஹெமெரஸ் தெய்வங்களைப் பழைய அரசர்கள் ஆக்கினார். இவற்றில் எனக்கு மதிப்பு உண்டு, ஆயினும் இவை கதையை வெளியே நின்று அளந்தவை. உள்ளே நின்று அளந்தவர்கள் அலெக்ஸாந்திரியாவின் நூலகப் புலவர்கள். இலியட்டின் மூன்றாம் படலத்தில் ஆஃப்ரோடைட்டி ஹெலனுக்கு இருக்கை எடுத்துப் போடுகிறாள். ஒரு தெய்வம் இப்படிச் செய்வது தகாது என்று ஜெனொடோட்டஸ் அந்த அடிகளை ஐயத்துக்குரியவை என்றார். அரிஸ்டார்க்கஸின் வழிவந்த உரையோ, அவள் அங்கே கிழவி வேடத்தில் வந்திருப்பதை அவர் மறந்துவிட்டார் என்று பதில் சொன்னது. ஹோமரை ஹோமரைக் கொண்டே விளக்குவது அந்தப் பள்ளியின் நெறி. பெர்கமோனில் கிராட்டிஸ் எதிர்வழியில் போனார். அகிலீஸின் கேடயத்தில் அண்டத்தின் வடிவத்தையே கண்டார். அலெக்ஸாந்திரியாவின் வழியே மேலானது என்பேன், அது பாடலைப் பாடலாக வைத்திருந்தது. பௌசானியஸிடமும் அந்த ஒழுக்கம் தெரிகிறது. ஓய்டிபஸின் கல்லறை ஏதென்ஸில் இருப்பதை அவர் பார்க்கிறார். அவன் ஏதென்ஸ் அருகே இறந்தான் என்று சோஃபோக்ளிஸ் சொன்னதை நம்ப ஹோமர் தன்னை விடவில்லை, ஈமப் போட்டிகள் தீப்ஸில் நடந்ததாக இலியட் சொல்கிறதே என்கிறார். பிறகு விசாரித்து, எலும்புகள் தீப்ஸிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று கண்டதாக எழுதுகிறார்.

ரோமானியர் பெயர்களை மட்டும் மாற்றி இரவல் வாங்கினார்கள் என்பது பள்ளிப்பாடத்தோடு வரும் அவதூறு. அவர்கள் வாங்கியவற்றில் முதன்மையானது இந்த அளவுகோல். ஈனியஸ் உயிர்பிழைத்து ட்ரோஜான்களை ஆள்வான் என்ற முன்னறிவிப்பு இலியட்டிலேயே இருக்கிறது. வர்ஜில் அந்த இடைவெளிக்குள் நுழைந்துதான் ஈனியட்டைக் கட்டினார். கார்த்தேஜ் அரசி டிடோவை அவர் கையாண்ட விதம் இன்னும் தெளிவானது. பழைய வரலாற்றில் அவள், இறந்த கணவனுக்கு உண்மையாக இருக்க, அயல்நாட்டு மன்னன் கேட்ட மணத்துக்கு அஞ்சிச் சிதை மூட்டி உயிர்விட்டவள். கார்த்தேஜின் தோற்றத்தை வரலாற்றாசிரியர் டிமேயஸ் கி.மு. 814இல் வைக்கிறார், ட்ராய் வீழ்ந்து நூற்றாண்டுகள் கழிந்துவிட்ட காலம் அது, ஈனியஸை அவள் பார்த்திருக்கவே முடியாது. வர்ஜில் நகரத்தையும் சிதையையும் தற்கொலையையும் அப்படியே விட்டுவிட்டு, காரணத்தை மட்டும் ஈனியஸ் மேல் கொண்ட காதலாக்கினார். டெர்டுல்லியன் போன்ற கிறித்தவ ஆசிரியர்கள் பழைய டிடோவையே கற்புக்கு எடுத்துக்காட்டாகப் போற்றிக்கொண்டிருந்தார்கள். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்ரோபியஸ், வர்ஜிலின் கதை பொய் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஓவியரும் சிற்பியும் நடிகரும் அதையே விடாமல் எடுத்தாள்கிறார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார்.