ஆடிட்டர் பார்த்துக்குவார்

அயனம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் பொதுக்குழு, போன ஞாயிறு. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு சமோசா, பொருளாளர் கையில் வரவு செலவுக் கணக்கு. கார்ப்பஸ் ஃபண்ட் இருபத்திரண்டு லட்சம் என்று படித்தார்.

மூன்றாவது மாடி மாமி மட்டும் எழுந்தார். "பேங்க் பாஸ்புக்கைக் கொஞ்சம் காட்டறேளா?"

"ஆடிட்டரே கையெழுத்துப் போட்டிருக்கார் மாமி."

"அவர் உங்க மச்சினர்தானே?"

"அதனாலதான் ஃபீஸே வாங்கறதில்லை!"

எல்லோரும் சிரித்தோம். கணக்கு நிறைவேறியது. கை தூக்கியவர்களில் பி.காம். படித்த அடியேனும் ஒருவன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பொருளாளர் தங்கமான மனிதர். மோட்டார் ரிப்பேர் என்றால் நடுராத்திரியிலும் ஓடி வருவார். அவரை நான் சந்தேகப்படவில்லை. ஆனால், மாமி கேட்டதுதான் ஆடிட்டிங்கின் முதல் கேள்வி. அதை ஒழுங்காகக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது.

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியது 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி கிடையவே கிடையாது! பல வருடங்களாக ஊதிப் பெருக்கிய பொய். கையெழுத்துப் போட்டு வந்ததோ, உலகப் பெயர் பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸ்.

வங்கியில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது கம்பசூத்திரம் இல்லை. ஆடிட்டர் நேராக வங்கிக்கு எழுத வேண்டும். பதில் நேராக ஆடிட்டருக்கே வர வேண்டும். நடுவில் கம்பெனியின் கை படக்கூடாது. அந்தக் கடிதங்களை அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் ஆடிட்டர்கள் சத்யம் நிர்வாகத்திடமே விட்டுவிட்டார்கள் என்று 2011-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் சொன்னது. 60 லட்சம் டாலர் அபராதம்.

இங்கே? 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் ராஜுவோடு இரண்டு ஆடிட்டர்களுக்கும் ஏழு வருடம் சிறை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. 2018-ல் பிரைஸ் வாட்டர்ஹவுஸுக்கு 'செபி' போட்ட இரண்டு வருடத் தடையை 2019-ல் தீர்ப்பாயம் நீக்கிவிட்டது.

காலேஜில் ஒரு வழக்கு படித்திருக்கிறேன். 1896, லண்டன், கிங்ஸ்டன் காட்டன் மில். ஆடிட்டர் என்பவர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்றார் நீதிபதி. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். அந்த நாய்க்குச் சோறு வைப்பது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

2013 கம்பெனிச் சட்டம் சும்மா இருக்கவில்லை. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியில் ஓர் ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து வருடம்தான் இருக்கலாம். டைரக்டரின் உறவினர் ஆடிட்டராகக் கூடாது. (உறவினர் பட்டியலைப் பார்த்தேன். மருமகள், மாப்பிள்ளையெல்லாம் இருக்கிறார்கள், மச்சினனைக் காணோம்!) ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018-ல் தனி ஆணையமும் வந்தது. எல்லாம் சரி. ஆனால் ஆடிட்டருக்குச் சம்பளம் கொடுப்பது இன்றும் அதே கம்பெனிதான். நாயை மாற்றினோம், தட்டு அதே கையில்.

சட்டப்படி ஆடிட்டரை நியமிப்பது பங்குதாரர்கள். அதாவது நாம்! ஓட்டுப் போடச் சொல்லி ஈ-மெயில் வரும். படிக்காமலே அழித்துவிடுவோம். ஆடிட்டர் பார்த்துக்குவார்.

மறுநாள் மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். அடுத்த கூட்டத்துக்குத் தீர்மானம்: வெளி ஆடிட்டர், வீட்டுக்கு இருநூறு ரூபாய் ஃபீஸ், நம் கையிலிருந்து, வங்கியின் பதில் நேராக அவருக்கே. பொருளாளர் கோபித்துக்கொள்வார், தெரியும்.

மாமி கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.