புகழும் பழியும் இருவேறு கணக்குகள்: 'ஃபால்அவுட்' விளையாட்டின் அறத்தெரிவுகளும் சிறுபாணாற்றுப்படையும்

ஆய்வுச் சுருக்கம்

அணுப்போருக்குப் பிந்தைய உலகைக் களமாகக் கொண்ட 'ஃபால்அவுட்' கணினி விளையாட்டு வரிசையில், ஆடுபவர் மேற்கொள்ளும் அறத்தெரிவுகளும் அரசியல் தெரிவுகளும் எவ்வாறு கணக்கிடப்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 'ஃபால்அவுட் 3' (2008), 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' (2010) ஆகிய இரண்டும், திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலைத் தலைநகராகக் கொண்ட ஓய்மா நாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படையின் துணைகொண்டு நோக்கப்படுகின்றன. புகழ், பழி என்னும் புறப்பாடல் கருத்தாக்கங்கள் இவ்விளையாட்டுகளின் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டவல்லவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச் சொற்கள்: கணினி விளையாட்டு, அறத்தெரிவு, சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாடு, பாலை, புகழ், பழி.

முன்னுரை

கணினி விளையாட்டைப் பனுவலாகக் கொண்டு ஆராயும் துறை மேலை நாடுகளில் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. எஸ்பென் ஆர்செத்தின் 'சைபர்டெக்ஸ்ட்' 1997இலும், இயன் போகோஸ்டின் 'பெர்சுவேசிவ் கேம்ஸ்' 2007இலும், மிகேல் சிகார்ட்டின் 'த எத்திக்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் கேம்ஸ்' 2009இலும் வெளிவந்தன. தமிழாய்வில் விளையாட்டு என்றவுடன் பல்லாங்குழியும் சடுகுடும் நினைவுக்கு வருகின்றன. கணினி விளையாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மாணவர் நலன் குறித்த கவலையாகவே முடிந்துவிடுகிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கோ திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கோ பேருந்தில் வந்து பத்துப்பாட்டு பயிலும் மாணவர் கையிலும் ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவர் பயிலும் பாட்டுக்கும் அவர் ஆடும் ஆட்டத்துக்கும் இடையே திறனாய்வு நோக்கில் ஒரு வழி உண்டா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வொப்பீடு தாக்கம் பற்றியதன்று. விளையாட்டை ஆக்கியோர் சங்க இலக்கியத்தை அறிந்திருந்தனர் எனக் கொள்ள எந்தச் சான்றும் இல்லை. அழிவுக்குப் பின் எஞ்சிய உலகில் ஒருவர் இன்னொருவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற வினா இரு பனுவல்களிலும் எழுகிறது. அதற்கு ஒன்று தரும் விடையைக் கொண்டு மற்றொன்றைச் சோதிப்பதே இக்கட்டுரையின் முறை.

பாலை என்னும் நிலை

ஃபால்அவுட் வரிசையின் கதைப்படி 2077இல் உலகப் பேரரசுகள் அணுகுண்டுகளை ஏவிக்கொள்கின்றன. மூன்றாம் ஆட்டம் அதற்கு 200 ஆண்டுகளுக்குப் பின் வாஷிங்டன் நகரின் இடிபாடுகளிலும், நியூ வேகாஸ் 2281இல் மொஹாவி பாலைநிலத்திலும் நிகழ்கின்றன. ஆடுவோர் இந்நிலத்தை 'வேஸ்ட்லேண்ட்' என்பர். இதனை வெறும் பாழ்நிலம் எனப் பெயர்ப்பது போதாது. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து மேற்கொள்ளும் வடிவமே பாலை எனச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை விளக்கும். பாலை ஓர் இடமன்று, ஒரு நிலை என்ற இக்கருத்து விளையாட்டின் நிலத்துக்கு மிகப் பொருந்துகிறது. ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது: காப்பியத்தில் நிலம் திரிவது வெயிலால், விளையாட்டில் அரசியல் தெரிவால்.

சிறுபாணாற்றுப்படையும் ஒருவகையில் முடிவுக்குப் பிந்தைய பாட்டுத்தான். இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய இந்நூலில் சேர, பாண்டிய, சோழர் தலைநகரங்கள் மூன்றும் கொடையில் வறியனவாகக் காட்டப்படுகின்றன. பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி என எழுவர் சுமந்த கொடைப்பொறையை இன்று ஒருவனே சுமக்கிறான். அவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். புரவலனை உயர்த்தும் புகழ்ச்சி மிகை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மிகைக்கு அடித்தளமாக இருப்பது 'பேரரசுகளால் இனிப் பயனில்லை, வள்ளல்கள் மறைந்தனர்' என்ற உலகநோக்கு. அவ்வுலகில் நடந்து செல்லும் பாணனுக்கு, பரிசில் பெற்றுத் திரும்பும் இன்னொரு பாணன் வழி சொல்கிறான். நியூ வேகாஸில் ஆடுபவர் ஏற்கும் பாத்திரமும் வழிநடைக்காரர்தான்: பொதி சுமந்து செல்லும் கூரியர் ஒருவர்.

பாணன் செல்லும் வழி இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்கு உரியது. எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும், கிடங்கிலைத் திண்டிவனம் நகரில் இன்று கிடங்கல் என வழங்கும் பகுதி என்றும் அறிஞர் கொள்வர். எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் புளிங்கறிச் சோற்றுடன் ஆமான் சூட்டிறைச்சி தருவர். ஆமூரில் உழவர் வீட்டில் சோறும் நண்டும் கிடைக்கும். ஆமான் என்பதற்குக் காட்டுப்பசு என்றே பொருள் உரைப்பர். இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவுகூரலாம். 2008 அக்டோபரில் ஃபால்அவுட் 3 விளையாட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பை இந்தியாவில் வெளியிடப் போவதில்லை என மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகள் என்பதற்கு மேல் காரணம் விரித்துரைக்கப்படவில்லை. கதிர்வீச்சால் இரட்டைத் தலையுடன் திரிந்த மாட்டினம் இவ்வரிசையில் 'பிராமின்' எனப் பெயர் பெற்றிருப்பதே காரணமாகலாம் என ஊடகங்கள் ஊகித்தன. ஊகம் சரியாயின், ஒரு கொலை, ஒரு நகர அழிப்பு, ஓர் அடிமை வணிகம் ஆகியவற்றை ஆடுபவரின் தெரிவுக்கு விட்ட விளையாட்டில் நம்மவரைப் புண்படுத்தக்கூடியதாகக் கருதப்பட்டது ஒரு மாட்டின் பெயர் என்றாகிறது.

நீரால் கழுவப்படும் வினை

ஃபால்அவுட் 3 ஒவ்வொரு செயலையும் 'கர்மா' என்ற ஒற்றை எண்ணால் அளக்கிறது. திருடினால் எண் குறையும். எவரும் பாராதபோது திருடினாலும் குறையும். ஈந்தால் கூடும். மெகாட்டன் என்ற ஊரின் நடுவே வெடிக்காத அணுகுண்டு ஒன்று கிடக்கிறது. அதனைச் செயலிழக்கச் செய்யலாம். கூலி பெற்றுக்கொண்டு ஊரோடு வெடிக்கவும் செய்யலாம். (ஜப்பானியப் பதிப்பில் இவ்வெடிப்புத் தெரிவு நீக்கப்பட்டது, காரணம் சொல்ல வேண்டியதில்லை.) ஊரை அழித்தவரின் கர்மா பெரிதும் சரிகிறது. ஆனால் அதனை மீட்பது எளிது. ரிவெட் சிட்டி வாயிலில் நீர் கேட்டு அமர்ந்திருக்கும் இரவலனுக்குத் தூய நீர் கொடுக்குந்தோறும் எண் உயர்கிறது. போதிய நீர்ப்புட்டிகள் இருந்தால், ஓர் ஊரைக் கொன்றவர் சில நாழிகையில் நல்லவராகிவிடலாம்.

மார்கஸ் ஷுல்ஸ்கே 2009இல் 'கேம் ஸ்டடீஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், அரிஸ்டாட்டில் கூறும் நடைமுறை அறிவைப் பழகுவதற்குரிய களமாக இவ்விளையாட்டைக் காண்கிறார். நேரில் அறம் போதிக்க இயலாவிடினும், அறச்சிக்கலில் முடிவெடுத்துப் பழக இது இடந்தருகிறது என்பது அவர் வாதம். மெகாட்டன் போன்ற ஒரு சிக்கலைத் தனித்து நோக்கினால் இவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் பழக்கம் என்பது தனிச்செயலன்று. செயல்கள் எவ்வாறு ஒன்றையொன்று தொடர்கின்றன என்பதில் அது அமைகிறது. அத்தொடர்ச்சியை ஒற்றை எண்ணாகச் சுருக்கும்போது விளையாட்டு கற்பிப்பது நடைமுறை அறிவை அன்று, வரவு செலவை. கர்மா என்ற சொல்லுக்கு இந்நாட்டில் உள்ள பொருளோடும் இது ஒட்டவில்லை. செய்த வினையைப் பிறிதொரு வினையால் கழித்துவிடலாம் என்ற எளிமையை நம் சமயநூல்களும் ஒருபடித்தாக ஏற்றதில்லை.

இரு கணக்குகள்

நியூ வேகாஸை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனம் கர்மாவை முற்றாக நீக்கவில்லை. ஆனால் அதன் எடையைப் பெரிதும் குறைத்து வேறொரு முறையை முதன்மைப்படுத்தியது. ஊர்களும் அணிகளும் ஆடுபவரைப் பற்றி ஒரு பெயரை வைத்திருக்கின்றன. அப்பெயர் ஒரே எண்ணன்று. புகழ் ஒரு கணக்கு, பழி மற்றொரு கணக்கு. ஓர் ஊருக்கு நன்மை செய்தால் புகழ் ஏறும். ஆனால் முன்பு சேர்ந்த பழி அதனால் இறங்காது. இரண்டும் மிகுந்தவரை அவ்வூர் நல்லவர் என்றும் கொள்ளாது, தீயவர் என்றும் தள்ளாது. நம்பவியலாதவர் என ஒதுங்கி நோக்கும்.

இவ்வமைப்பைத் தமிழ் மாணவருக்கு விளக்க வேறு கோட்பாடு தேவையில்லை. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியின் புறநானூற்றுப் பாடல் (182) போதும். உலகம் யாரால் நிலைபெறுகிறது எனக் கூறும் அப்பாடலில், புகழின் பொருட்டு உயிரையும் ஈவோர், பழியென்றால் உலகமே விலையாக வரினும் ஏலாதவராகக் காட்டப்படுகின்றனர். இங்குப் புகழுக்கு ஒரு விலையும் பழிக்கு வேறொரு விலையும் உள்ளன. இரண்டையும் ஒரே தட்டில் இட்டு நிறுப்பதற்கு இடமில்லை. எதிர்ச்சொற்களாக நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த இவ்விரண்டும் உண்மையில் ஒன்றையொன்று ஈடுசெய்யாத தனிக்கணக்குகள். ஃபால்அவுட் 3 விளையாட்டிலிருந்து நியூ வேகாஸ் நகர்ந்த நகர்வை, வினையின் கூட்டுத்தொகையிலிருந்து புறப்பாடலின் இருகணக்கு முறைக்கு நகர்ந்தது எனக் கூறலாம்.

அரசியல் இக்கணக்கில் நுழையும் இடமும் குறிக்கத்தக்கது. கதையின் நடுப்பகுதியில், நியூ கலிபோர்னியா குடியரசும் சீசரின் லீஜியனும் தத்தம் தூதர் வழி ஆடுபவரின் பழங்குற்றங்களை மன்னித்துவிடுகின்றன. பழி துடைக்கப்படும் வாய்ப்பு இங்கு வருகிறது. அதன் காரணம் அறமன்று, தேவை. ஹூவர் அணைக்கான போர் நெருங்குகிறது, ஆள் வேண்டும். சிற்றூர்களோ அவ்வாறு மன்னிப்பு அனுப்புவதில்லை. பேரரசுக்கு மறக்கும் வசதி உண்டு, சிற்றூருக்கு இல்லை என்பதை விளையாட்டின் கணக்குமுறையே உணர்த்திவிடுகிறது. போகோஸ்ட் கூறும் நடைமுறைவழி வாதத்துக்கு இதனினும் நல்ல சான்று அரிது.

தலைமடையும் கடைமடையும்

நியூ வேகாஸில் அரசியல் தெரிவு நான்கு திசைகளில் பிரிகிறது: குடியரசு, லீஜியன், திரு. ஹவுஸ் என்னும் தனியாள்வோன், எவருக்கும் உட்படாத தன்னாட்சி. பரப்பான இத்தெரிவைவிட அதனுள் அடங்கிய சிறு பங்கீட்டுச் சிக்கல்களிலேயே விளையாட்டின் ஆழம் உள்ளது. ஹீலியோஸ் ஒன் என்ற சூரிய மின்நிலையத்தைச் சீர்செய்யும் ஆடுபவர், மின்சாரம் எங்கே செல்ல வேண்டும் என்றும் முடிவு செய்கிறார். சூதாட்டத் தெருவுக்கும் படைமுகாமுக்கும் அனுப்பலாம், ஏழைகள் வாழும் ஃப்ரீசைடுக்கும் வெஸ்ட்சைடுக்கும் அனுப்பலாம், வட்டாரம் முழுமைக்கும் பகிரலாம், படைக்கருவியாகவும் மாற்றலாம். ஏரிப்பாசன மாவட்டமான விழுப்புரத்தில் இச்சிக்கலுக்குப் பழைய பெயர்கள் உண்டு: தலைமடை, கடைமடை. நீர் போதாத ஆண்டில் மடையைத் திறப்பவன் கையில் இருப்பது தொழில்நுட்பமன்று, அரசியல்.

'ஹார்ட் லக் புளூஸ்' என்ற பணி இன்னும் கடுமையானது. நிலத்தடிக் காப்பறை 34இலிருந்து கசியும் கதிர்வீச்சு, மேலே குடியரசின் குத்தகை உழவர் நிலங்களை நஞ்சாக்குகிறது. கசிவை அடைத்தால் உள்ளே சிக்கியோர் இறப்பர். அவர்களை விடுவித்தால் நிலம் நஞ்சாகவே தொடரும். இதில் நல்ல தெரிவு இல்லை. நியூ வேகாஸின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஆயினும் ஒரு தடை உண்டு. எத்தெரிவையும் முன்பு சேமித்த நிலைக்குத் திரும்பி மாற்றிக்கொள்ளலாம். பாண்டியன் நெடுஞ்செழியன் பிழையை உணர்ந்த கணத்தில் உயிர் நீங்குகிறான். அவனுக்குச் சேமித்த நிலை இல்லை. மீளாமையே பழியின் பொருள் எனின், மீளக்கூடிய ஆட்டத்தில் பழி எவ்வளவு கனமாகப் பதிந்தாலும் அது ஆடுபவர் தாமே மதித்து ஒழுகும் உடன்படிக்கையாகவே எஞ்சும்.

அடைத்த கதவு

சிறுபாணாற்றுப்படையில் வழிசொல்லும் பாணன் தன் பழைய வறுமையை நினைவுகூரும் பகுதி பலரும் அறிந்தது. ஈன்ற நாய் குரைக்கும் அடுக்களை. செல்லரித்த சுவரில் காளான். கிணைமகள் குப்பையில் கிளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். அறியாதார் காணும் காட்சிக்கு நாணிக் கதவை அடைக்கிறாள். பின்பு சுற்றத்தார் அனைவரோடும் அதனைப் பகிர்ந்துண்கிறாள். மேலே சுட்டிய 182ஆம் பாடலும், அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாதவரையே உலகைத் தாங்குவோராகச் சொல்கிறது. அமிழ்தத்துக்கும் உப்பில்லாக் கீரைக்கும் இங்கு ஒரே நெறி.

இச்செயலை எந்தக் கணக்கில் எழுதுவது? கதவு அடைபட்டுள்ளதால் புகழ் இல்லை. செய்தது தீமையன்று, பழியும் இல்லை. நியூ வேகாஸின் இருகணக்கு முறை இவ்விடத்தில் கைவிடுகிறது. காணாதவற்றையும் எண்ணும் கர்மா முறை இதனைக் கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் அம்முறை அறிந்தது அயலானுக்கு ஈவதை மட்டுமே. தன்னோடு பசித்திருப்பவரோடு உண்பது ஈகையாகாது.

நியூ வேகாஸின் 'ஹார்ட்கோர்' முறையில் ஆடுபவருக்குப் பசி, தாகம், உறக்கம் மூன்றும் உண்டு. உடன் நடக்கும் தோழர்கள் போரில் இறக்கக்கூடும். ஆனால் அவர்களுக்குப் பசி இல்லை. பையில் உள்ள உணவை உண்ணவேண்டிய வாய் ஒன்றே. பற்றாக்குறையை இத்துணை நுட்பமாகக் கணக்கிடும் ஆட்டம், பற்றாக்குறையின் முதல் அறச்சிக்கலாகிய உடனுண்ணலுக்கு இடமே வைக்கவில்லை. போலந்து நாட்டின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' இதற்கு மாறானது. முற்றுகையிடப்பட்ட நகரில் ஒரே வீட்டில் ஒளிந்திருக்கும் சிலருக்கு இருக்கும் உணவைப் பகிர்வதே அங்கு ஆட்டம். எவர் இன்று உண்பர், எவர் நாளைவரை பொறுப்பர் என்பது ஒவ்வொரு நாளும் எழும் தெரிவு. அதனைக் கிணைமகளின் அடுக்களையோடு வைத்து ஆராய்வது தனிக் கட்டுரைக்கு உரியது.